பதம் தெரிந்தவருக்கே ருசி தெரியும்

(பட்டிமன்றத் தலைப்பு: இனிப்புப் பலகாரத்தில் பெரிய மகிழ்ச்சி ருசித்துச் சாப்பிடுவதா? செய்யக் கற்றுக்கொள்வதா? ‘செய்யக் கற்றுக்கொள்வதே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, இந்த அரங்கத்தையே ஒரு மிட்டாய்க் கடையாக மாற்றிவிட்ட நண்பர்களே! என் அணித் தோழர்களே! வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! தீபாவளியும் அதுவுமா ஒரு கையில அதிரசம், இன்னொரு கையில ரிமோட் என்று வீட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

எதிரணித் தலைவர் பேசினாரே, அடடா! என்ன பேச்சு! திருநெல்வேலி அல்வாவில ஆரம்பிச்சாரு. கோவில்பட்டியில இறங்கி கடலை மிட்டாயைக் கடிச்சாரு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஒரு கை பார்த்தாரு. பழனியில பஞ்சாமிர்தத்தை வழிச்சு நக்கிட்டு, திருவையாறு அசோகாவுக்கு வந்துதான் மூச்சே விட்டாரு. பேசி முடிச்சு உட்காரும்போது பார்த்தேன். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைச்சிக்கிட்டாரு. (சிரிப்பு) பேசினதுக்கே துடைச்சார்னா, சாப்பிட்டிருந்தா குளிச்சிருப்பாரு போல! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பட்டியல்ல ஒரு செய்தியை அவர் கவனிக்காம விட்டுட்டார். ஒவ்வொரு பலகாரத்துக்கும் முன்னால ஒரு ஊர்ப் பேர் நிக்குது பாருங்க. அது எப்படி வந்தது? அந்த ஊர்ல நல்லா சாப்பிட்டாங்க என்பதாலா? சாப்பிடுறவன் எல்லா ஊர்லயும்தான் இருக்கான்! அந்த ஊர்ல செய்யத் தெரிஞ்சவன் இருந்தான், அதனால வந்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. அது செய்கிற கைக்குக் கிடைத்த மரியாதை. சாப்பிடுகிற வாய்க்கு எந்த அரசாங்கமும் இதுவரை குறியீடு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை! (கைதட்டல்)

இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் என் வகுப்புக்குப் போனேன். நமக்கு ஆராய்ச்சிக் கூடம் வகுப்பறைதானே! பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். “உங்களுக்குப் பிடிச்ச இனிப்பு என்ன?” நடுவர் அவர்களே, தொல்காப்பியத்தில் கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கத் தலை குனிஞ்சு பேனா தேடும். அன்னிக்கு எல்லாக் கையும் மேலே போயிருச்சு! (சிரிப்பு) ஒரு பொண்ணு ரசமலாய் என்றாள். ஒருத்தன் எழுந்து, “சார், கல்யாண வீட்ல கடைசியா ஊத்துற பால் பாயசம். அதுவும் ரெண்டாவது தடவை ஊத்துறப்ப” என்றான். அனுபவசாலி! (சிரிப்பு)

அடுத்து ரெண்டாவது கேள்வி. “சரிப்பா, இதுல எதைச் செய்யக் கத்துக்க ஆசை?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா ஒவ்வொருத்தரா எழுந்தாங்க. ஒரு பொண்ணு, “ஐயா, எங்க பாட்டி மாதிரி கொழுக்கட்டைக்குச் சொப்பு பண்ணணும். நான் பண்ணினா ஓட்டை விழுந்து பூரணம் வெளியில வந்துருது” என்றாள். இன்னொருத்தி, “ஜாங்கிரி பிழியணும் ஐயா” என்றாள். விடுதியில தங்கிப் படிக்கிற ஒரு பையன், பின் வரிசையில இருந்து எழுந்தான். “ஐயா, எனக்குப் பாகு காய்ச்சத் தெரியணும். எங்கம்மா மட்டும்தான் வீட்ல அதைச் செய்யும். அடுப்பை விட்டு நகராது. அன்னிக்கு யாரும் அதுகிட்டப் பேசக் கூடாது. அப்படி என்னதான் அதுல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்” என்றான்.

நல்லாக் கவனிங்க. முதல் கேள்விக்கு வந்ததெல்லாம் பலகாரத்தின் பெயர்கள். ரெண்டாவது கேள்விக்கு பாட்டி வந்தாள், அம்மா வந்தாள். நாக்கைக் கேட்டா ஒரு பண்டத்தைச் சொல்லும். கையைக் கேட்டா ஒரு மனுஷியைச் சொல்லும். (கைதட்டல்)

அந்தப் பையன் கேட்டானே, பாகில் அப்படி என்ன இருக்கு? சொல்றேன். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதே சூடுதான். ஆனால் சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படி இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போகும். சர்க்கரை அடர்ந்துகொண்டே வரும். சூடும் ஏறிக்கொண்டே போகும். 106-க்கு மேல 112-க்குள்ள, தொட்டு விரலைப் பிரிச்சா கம்பி இழுக்கும். அது கம்பிப் பதம். 116 வரைக்கும் போனா, தண்ணியில விட்டு உருட்டினா உருண்டு நிக்கும். அது உருட்டுப் பதம். 150-ஐ ஒட்டிப் போச்சுன்னா, தண்ணியில விட்டதைக் கடிச்சா கண்ணாடி மாதிரி உடையும். அது உடைபதம். குலாப்ஜாமுனுக்குப் பிசுக்குன்னு ஒட்டினாலே போதும். மைசூர்பாகுக்கு ஒரு கம்பி. அதிரசத்துக்கு உருட்டுப் பதம். கடலை மிட்டாய்க்கு உடைபதம்.

நம்ம பாட்டிமார்கிட்ட வெப்பமானி இருந்துச்சா? காய்ச்சல் பார்க்கவே புறங்கையை வெச்சுத்தான் பார்த்தாங்க! ஒரு கிண்ணத்துல பச்சைத் தண்ணி. அதுல ஒரு சொட்டுப் பாகு. ரெண்டு விரல். அவ்வளவுதான் அவங்க ஆய்வுக்கூடம். ரெண்டு மூணு டிகிரி வித்தியாசத்தை விரல் நுனியில கண்டுபிடிச்சாங்க. ஒரு நிமிஷம் முந்தினா அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போயிரும். ஒரு நிமிஷம் பிந்தினா, தீபாவளிக்குச் சுட்ட அதிரசத்தைப் பொங்கலுக்குக் கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுக்கலாம்! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். நன்னூல்ல பதவியல் நடத்துறவன். பதத்தை ரெண்டாப் பிரிப்பார் பவணந்தி முனிவர். பகுபதம், பகாப்பதம். முப்பது வருஷமா இதைத்தான் நடத்திக்கிட்டிருக்கேன். என் மனைவி சொல்றாங்க, “உங்க பகுபதத்துக்கு ஒரு துணைக்கால் போட்டா என் பாகுபதம். நீங்க தப்பாச் சொன்னா ஒரு மார்க்குதான் போகும். நான் தப்பா இறக்கினா ரெண்டு கிலோ வெல்லம் போயிரும்!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, இலக்கணம் எது கஷ்டம்னு அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு.

எதிரணியில் ரெண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்டார்: “எதுக்குய்யா கத்துக்கணும்? காசு கொடுத்தா கடையில கிடைக்குது. பெட்டியில போட்டு, ரிப்பன் கட்டி, வீட்டு வாசல்லயே கொண்டாந்து கொடுக்குறான்.” கடையை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் வாங்குறவன்தான். ஆனா ஒண்ணு கேட்கிறேன். கடையில செய்யிறது யாரு? கடைச் சுவரா செய்யுது? அங்கேயும் ஒரு மனுஷன் கத்துக்கிட்டுத்தானே செய்யறான்! அல்வாவுக்குக் கோதுமையை ஊற வைக்கணும். ஆட்டிப் பால் எடுக்கணும். தெளிய விடணும். சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, பெரிய சட்டுவத்தைப் போட்டு மணிக்கணக்கா கிண்டணும். கை ஓய்ஞ்சா அடி பிடிச்சிரும். நீங்க வாழை இலையில வாங்கி அரை நிமிஷத்துல தொண்டைக்குள்ள வழுக்க விடுறீங்களே, அதுக்குப் பின்னால ஒருத்தன் தோள்பட்டை இருக்கு. வாங்கித் தின்னவனுக்கு அந்தத் தோள்பட்டை தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வீட்டுல கிண்டிப் பார்த்தவன், அதுக்கப்புறம் அந்தக் கடை வாசல்ல பேரம் பேச மாட்டான். (கைதட்டல்)

இன்னொரு நண்பர், “யூடியூப்ல பார்த்துக்கலாம்” என்றார். நல்லது, பாருங்க. ஊர் ஊராச் செய்யிற முறையெல்லாம் இன்னிக்கு உள்ளங்கையில வந்திருச்சு, நான் மறுக்கலை. ஆனா அந்தப் பெட்டி ரெண்டைக் காட்டும். நிறத்தைக் காட்டும், நேரத்தைக் காட்டும். பிசுபிசுப்பைக் காட்டுமா? அரிசி மாவு கையில பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும், அந்த ஈரத்தைக் காட்டுமா? “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங், இறக்கு!” என்று சரியான நேரத்துக்கு முதுகுல ஒரு தட்டுத் தட்டுமா? (சிரிப்பு) அதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்.

இப்போ, எதிரணியில் அந்தச் சகோதரி எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். இன்றைக்கு இந்த மேடையில் எழுந்த கேள்விகளிலேயே கனமான கேள்வி அதுதான். அவர் சொன்னார்: “கற்றுக்கொள்வது சுகம், செய்வது சுகம் என்று மேடையில் பேசுவது ஆண்கள். வீட்டில் வேகுவது நாங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னவளுக்குத்தான் தெரியும், அது சுகமா சுமையா என்று. எங்களையும் ஒரு நாள் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். அதுதான் எங்களுக்குச் சுகம்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கத்தில் பெண்கள் பக்கம் இருந்து வந்த கைதட்டல் இன்னும் என் காதில் கேட்கிறது.

அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது எங்கள் கட்சிக்கான வாதம் அம்மா! (கைதட்டல்) யோசித்துப் பாருங்கள். அது ஏன் சுமை ஆயிற்று? வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பிடத் தெரியும். ஒருத்திக்கு மட்டும்தான் செய்யத் தெரியும் என்பதால் ஆயிற்று. பத்துப் பேரும் “சாப்பிடுவதே மகிழ்ச்சி” என்று எதிரணியில் போய் உட்கார்ந்துகொண்டால், அந்த ஒருத்தி எப்போது உட்காருவாள்? உங்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்கிறீர்களே, யார் போடுவது? செய்யக் கற்றுக்கொண்டவன்தானே போட முடியும்? (பலத்த கைதட்டல்)

“செய்யக் கற்றுக்கொள்வதே” என்று நாங்கள் சொல்லும்போது, பெண் பிள்ளைகளைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. ஆம்பளைங்களைப் பார்த்துத்தான் உரக்கச் சொல்றோம். சமையலில் சிறந்ததை என்னவென்று சொல்கிறோம்? நளபாகம். இன்னொன்று? பீமபாகம். நளன் யார்? ராஜா. பீமன்? கதாயுதம் தூக்கினவன். ரெண்டும் ஆம்பளைப் பேரு! தமயந்தி பாகம் என்றோ, திரௌபதி பாகம் என்றோ சொன்னோமா? கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு லட்டு பிடிக்கிறது யாரு? பெரும்பாலும் ஆம்பளைதான். சம்பளம் கொடுத்தா பிடிக்கிறான். அதே ஆள் வீட்டுக்குப் போனதும், “ஏ, காப்பியில சக்கரை கம்மியா இருக்கு, எடுத்துட்டு வா”ங்கிறான்! டப்பா கைக்கெட்டுற தூரத்துல இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியினர் என்னிடம் இலக்கியச் சான்று கேட்டார்கள். கேட்கலாமா? பசிச்சவன்கிட்ட “சாப்பிடுறியா?”ன்னு கேட்ட மாதிரி! (சிரிப்பு) மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் கூவியரைப் பற்றிப் பேசுகின்றன. கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்கிறவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்கள் பாகோடு சேர்த்துச் செய்த பண்டம் வருகிறது. மதுரைக்காஞ்சியில், நள்ளிரவில் அவர்கள் களைத்துப்போய் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். தின்றவனைப் பற்றிப் பாடி முடித்துக்கொள்ளாமல், செய்து களைத்தவன் தூங்கும் தூக்கத்தையும் பார்த்தான் பாருங்கள், அவன் புலவன்!

குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதுசாக் கல்யாணமான பொண்ணு. தயிரைக் கையாலே பிசையிறா. கையைக் கழுவக்கூட நேரமில்லை, சேலையிலேயே துடைச்சுக்கிறா. தாளிக்கிற புகை கண்ணில் அடிக்குது. புளிப்பாக ஒரு குழம்பு வைத்து, கணவனுக்குப் போடுகிறாள். அவன் சாப்பிட்டுவிட்டு இனிக்கிறது என்கிறான். புளிக் குழம்பை இனிக்குதுன்னு சொன்ன முதல் கணவன் அவன்தான்! பிரியமா, பயமா என்று புலவர் சொல்லவில்லை. (பலத்த சிரிப்பு)

எதிரணியினர் உடனே துள்ளுவார்கள்: “பார்த்தீர்களா, அவன் ருசித்தான், அதுதான் மகிழ்ச்சி” என்று. பொறுங்கள். அந்தப் பாட்டு எங்கே முடிகிறது? அவன் நாக்கில் முடியவில்லை. அவள் முகத்தில் முடிகிறது. அவள் முகம் உள்ளுக்குள்ளே நுட்பமாக மலர்ந்ததாம். மகிழ்ச்சி என்ற சொல்லைப் புலவர் யாருக்குக் கொடுத்தார்? சாப்பிட்டவனுக்கா? செய்தவளுக்குக் கொடுத்தார்! (கைதட்டல்) அதுமட்டுமல்ல, இதையெல்லாம் யார் யாரிடம் சொல்வதாகப் பாட்டு? வளர்த்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். ஊரில் காத்திருக்கும் தாய்க்குப் போகிற செய்தி, நம் பிள்ளை நல்லாச் சாப்பிடுகிறாள் என்பதல்ல. நம் பிள்ளை செய்யக் கற்றுக்கொண்டாள், செய்து கொடுத்து மகிழ்கிறாள் என்பது. அந்த நாளில் பெண் பிள்ளையைப் பற்றிப் போன செய்தி, இந்த நாளில் ஆண் பிள்ளையைப் பற்றியும் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எதிரணிக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. சாப்பிடுவதே மகிழ்ச்சி என்கிறீர்களே, அந்த மகிழ்ச்சி எத்தனை வயசு வரைக்கும்? 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல். இந்த அரங்கத்திலேயே நான் “இனிப்பு” என்று சொன்னதும், சில பேர் பக்கத்தில் இருக்கிற மனைவி முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்! (சிரிப்பு) நானும் டாக்டர்தான், தமிழ் டாக்டர். ஆனா எனக்கும் மேல ஒரு டாக்டர் இருக்காரு. அவர் எழுதிக் கொடுத்ததுல ஒற்றுப்பிழை இருக்கு, ஆனா உத்தரவு தெளிவா இருக்கு: இனிப்பு அளவோட! (சிரிப்பு)

சரி, அந்தப் பத்துக் கோடிப் பேருக்கும் பலகாரத்தின் மகிழ்ச்சி முடிந்துவிட்டதா? எதிரணி சொல்வது உண்மையானால் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதை நெருங்கிய வயசு. இருபது வருஷமாச் சர்க்கரை. தீபாவளிக்கு நாலு வீட்டுப் பாகு அவர்தான் பார்க்க வேண்டும். முக்காலி போட்டு உட்கார்ந்து, பாகைச் சொட்டவிட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, “இறக்கு”ம்பாங்க. ஒரு துளி வாயில் வைப்பதில்லை. இனிப்புக்குப் பதம் பார்ப்பது நாக்கு இல்லீங்க, விரல்! நாக்குக்குத் தடை போட்ட வைத்தியர், விரலுக்குத் தடை போடவில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குக் கிடைக்கிற மகிழ்ச்சிக்கு எதிரணியில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? (கைதட்டல்)

கடைசியாக ஒரு நண்பரின் வீட்டுச் செய்தி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியின் கை அதிரசத்துக்கு உறவுக்காரர்கள் நடுவில் அப்படி ஒரு பேர். திடீரென்று அந்த அம்மாவுக்குப் பக்கவாதம். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை வரவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு வீட்டில் கடை இனிப்பு. அடுத்த வருஷமும் கடை இனிப்பு. அந்த அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாராம்.

மூன்றாவது வருஷம் நண்பர் சொன்னார், “இந்தத் தடவை நான் சுடறேன்.” அந்த அம்மா, “என்னங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? பதம் தெரியணுங்க” என்றார். இவர், “எனக்கா தெரியாது? முப்பத்தஞ்சு வருஷமாச் சாப்பிடறேன்” என்றார். எதிரணிக்காரர்! (சிரிப்பு) பச்சரிசியை ஊற வைத்தார். துணியில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே மில்லில் கொடுத்து அரைத்து, சலித்தார். வெல்லப் பாகு காய்ச்சினார். ஏலம், சுக்கு எல்லாம் போட்டு மாவைக் கிளறி வைத்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தட்டி எண்ணெயில் போட்டார். அதிரசம் அப்படியே கரைந்து, சட்டி முழுக்க நுரையாப் பொங்குச்சு. முப்பத்தஞ்சு வருஷம் சாப்பிட்ட அனுபவம் எண்ணெயில மிதக்குது! (பலத்த சிரிப்பு) உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதாம். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டது அன்றைக்குத்தானாம்.

அன்று சாயங்காலம் அவர் அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டார். மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மறுபடியும் பாகு. கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு அவர்கிட்ட நீட்டினார். அந்த அம்மா இடது கையால் எடுத்து, ரெண்டு விரலில் உருட்டிப் பார்த்தார். “இன்னும் வரலை.” மறுபடி ஒரு சொட்டு. “இன்னும் வரலை.” மூணாவது சொட்டு. உருட்டினார். அதே உருண்டையை எடுத்து அவர் விரலில் வைத்து, “நீங்க உருட்டிப் பாருங்க. இதுதான். இதை மறக்காதீங்க. இறக்குங்க” என்றார்.

அந்த வருஷம் அதிரசம் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். நண்பர் சொன்னார்: “சுமாராத்தான் சார் இருந்துச்சு. ஓரம் கொஞ்சம் விரிசல். ஆனா முப்பத்தஞ்சு வருஷமா அவ என்ன செஞ்சிக்கிட்டிருந்தாங்கிறது அன்னிக்குத்தான் சார் எனக்குத் தெரிஞ்சுது.”

(அரங்கத்தில் சற்று நேரம் அமைதி; பிறகு நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! சாப்பிட்டவருக்கு முப்பத்தஞ்சு வருஷமும் ருசி தெரிந்தது. கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் ருசிக்குப் பின்னால் இருந்த மனுஷி தெரிந்தாள். தமிழில் சோற்றுக்கும் பக்குவம் என்கிறோம். மனிதனுக்கும் பக்குவம் என்கிறோம். ஒரே சொல்தான். அடுப்பு முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டவனுக்கு ரெண்டு பக்குவமும் சேர்ந்து வருகிறது.

எதிரணியினர் சொல்லலாம், “சாப்பிட ஆள் இல்லாமல் நீங்கள் யாருக்குச் செய்வீர்கள்?” என்று. உண்மை. சாப்பிடுகிறவர்கள் வேண்டும். சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் சாப்பிடுவதற்கு நாளைக்கும் ஆள் இருப்பான். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாளைக்குச் செய்ய ஆள் இருப்பானா? அதுதான் என் கவலை. பதம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக ஏறுவதில்லை. அது ஒரு விரலில் இருந்து இன்னொரு விரலுக்குத்தான் போகும். நடுவில் ஒரு தலைமுறை, “எனக்குச் சாப்பிடத் தெரிந்தால் போதும்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த விரலோடு அந்தப் பதமும் போய்விடும். அப்புறம் பேர் இருக்கும், ருசியின் ஞாபகம் இருக்கும், பலகாரம் இருக்காது.

வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, ஆண் பிள்ளைகளே, குறிப்பா உங்களைத்தான்! இந்தத் தீபாவளிக்கு அம்மாவிடம், “சூப்பர்ம்மா” என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். “எப்படிம்மா செய்யறே?” என்று கேளுங்கள். “எல்லாம் கண்ணளவுதான், போடா” என்பாள். போகாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். ஒரு கரண்டியைக் கையில் வாங்கிக் கிண்டுங்கள். முதல் வருஷம் கல்லாகும். ரெண்டாவது வருஷம் கரையும். மூணாவது வருஷம் வரும். அன்றைக்கு உங்கள் அம்மாவை உட்கார வைத்து, வாழை இலை போட்டு, நீங்கள் பரிமாறுங்கள். அவள் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தத் தலைப்பில் பட்டிமன்றமே தேவைப்படாது! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்க நடுவர் கையைக் கொண்டுபோவது தெரிகிறது. நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. பாகு அடுப்பில் இருக்கிறது. ரெண்டையும் பதம் தவறாமல் இறக்கி வைக்க வேண்டும் என்று கேட்டு, செய்யக் கற்றுக்கொள்வதே பெரிய மகிழ்ச்சி என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.